எதைவிட? - ஆங்கில ஒப்பீட்டில் ஒளிந்திருக்கும் சொற்கள்

தேன் என்று சொன்னாலே நமக்கு நாவில் நீர் ஊறும். ஆங்கிலத்திலும் ஒரு 'தேன்' இருக்கிறது. இரண்டு பேரையோ இரண்டு பொருள்களையோ ஒப்பிட்டுப் பேசும்போது நடுவில் வந்து நிற்கும் சின்னஞ்சிறு சொல் அது. நம்முடைய 'விட' என்ற சொல் செய்யும் வேலையை அங்கே அது செய்கிறது. ஒலியில் நம் தேனுக்கு அருகில் இருந்தாலும் அதில் அந்த இனிப்பு கிடையாது. பரீட்சை எழுதும் பிள்ளைகள் பலரைத் தடுக்கி விடுவது அந்தச் சொல்தான். வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் பெரியவர்களையும் அது சில வேளைகளில் ஏமாற்றிவிடுகிறது.

அந்தச் சொல் அவ்வளவு கடினமானதா? இல்லவே இல்லை. அதற்குப் பின்னால் வரவேண்டிய சொற்களைப் பாதி விழுங்கிவிடுவது ஆங்கிலத்தின் பழக்கம். விழுங்கியது என்ன என்று கண்டுபிடிக்கத் தெரிந்தவனுக்கு வாக்கியம் உள்ளங்கை நெல்லிக்கனி. தெரியாதவன் பொருளைத் தலைகீழாக எடுத்துக்கொள்வான்.

ஆங்கிலம் படிக்காத பெற்றோர்களே! இது பிள்ளைகளுக்கான பாடம் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். உங்களுக்கும் இதில் ஒரு வேலை உண்டு.

தேன்மொழியைக் கேளுங்கள்

சொற்களை மறைத்துப் பேசுவது நமக்குப் புதிதல்ல. உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஒரு தேன்மொழி இருப்பாள். இல்லாவிட்டால் ஒரு கயல்விழியாவது இருப்பாள். தேன்மொழி என்றால் என்ன பொருள்? தேன் போன்ற மொழி. 'போன்ற' என்ற சொல் எங்கே? அது மறைந்திருக்கிறது. தமிழாசிரியர் இதை உவமைத்தொகை என்று சொல்லிக் கொடுத்திருப்பார். அது ஒரு பெண்ணுக்குப் பெயராகும்போது 'தேன் போன்ற மொழியை உடையவள்' என்று இன்னொரு சொல்லும் சேர்ந்து மறைகிறது. அதனால் அன்மொழித்தொகை ஆகிறது.

மறைந்திருக்கும் சொல்லை விரித்துப் பொருள் காண்பதற்கு நம் முன்னோர் வழி வகுத்து வைத்திருக்கிறார்கள். தொல்காப்பியத்தில் எச்சவியல் என்று ஓர் இயலே இருக்கிறது. ஆங்கில இலக்கணக்காரர்களும் இப்படிச் சொல் மறைவதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். 'எலிப்சிஸ்' என்பது அந்தப் பெயர். கிரேக்க மொழியிலிருந்து வந்த சொல். விடுபட்டது, குறைந்தது என்று பொருள். உவமைத்தொகையை விரிக்கத் தெரிந்த பிள்ளைக்கு இது ஒரு பெரிய வித்தையே இல்லை.

மறைந்திருப்பது எது?

முதலில் எளிய வாக்கியம் ஒன்றைப் பார்ப்போம்.

"ராமு இஸ் டாலர் தேன் முத்து." ராமு முத்துவைவிட உயரமானவன். இதன் முழு வடிவம், "ராமு இஸ் டாலர் தேன் முத்து இஸ்." கடைசியில் இருக்க வேண்டிய 'இஸ்' மறைந்துவிட்டது.

"லதா ரன்ஸ் ஃபாஸ்டர் தேன் கீதா." லதா கீதாவைவிட வேகமாக ஓடுகிறாள். முழு வடிவம், "தேன் கீதா ரன்ஸ்." ஓடுகிறாள், ஓடுகிறாள் என்று இருமுறை சொல்வானேன் என்று இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள். விட்டுவிடப் பிடிக்காதவர்கள் அதற்குப் பதிலாக 'டஸ்' என்ற சிறிய சொல்லைப் போட்டு, "தேன் கீதா டஸ்" என்பார்கள்.

மறைந்திருக்கும் வினைச்சொல் எப்போதும் முதலில் வந்த அதே உருவத்தில்தான் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். "இட் இஸ் ஹாட்டர் டுடே தேன் யெஸ்டர்டே." நேற்றைவிட இன்று வெயில் அதிகம். இங்கே மறைந்திருப்பது, "தேன் இட் வாஸ் யெஸ்டர்டே." இன்றைக்கு 'இஸ்', நேற்றைக்கு 'வாஸ்'. மறைவில் இருந்தாலும் காலம் மாறத்தான் செய்யும்.

இன்னும் கொஞ்சம் அதிகமாக விழுங்கிய வாக்கியங்களும் உண்டு. பால் மங்கில் மழைத்தண்ணீர் விழுந்த நாளில் பால் எப்படி இருக்கும்? அதை ஆங்கிலத்தில் சொன்னால், "த லேடெக்ஸ் இஸ் தின்னர் தேன் யூஷுவல்." வழக்கத்தைவிடப் பால் நீர்த்திருக்கிறது. விரித்தால், "தேன் இட் யூஷுவலி இஸ்." அதாவது, அது வழக்கமாக இருப்பதைவிட. "த லோரி கேம் ஏர்லியர் தேன் எக்ஸ்பெக்டெட்" என்றால், எதிர்பார்த்ததைவிட லோரி முன்னதாக வந்துவிட்டது. விரித்தால், "தேன் வி எக்ஸ்பெக்டெட்," நாம் எதிர்பார்த்ததைவிட. யார் எதிர்பார்த்தார்கள் என்பதையே விழுங்கிவிட்டார்கள்!

விண்ணப்பக் கடிதத்தின் கடைசியில் "ஏஸ் சூன் ஏஸ் பாசிபிள்" என்று எழுதுகிறோமே, அதுவும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். "ஏஸ் சூன் ஏஸ் இட் இஸ் பாசிபிள்" என்பது அதன் முழு உருவம். முடிகிற அளவுக்கு விரைவாக என்று பொருள். கடிதத்தில் எழுதும்போது நடுவிலுள்ள இரண்டாவது 'ஏஸ்' விட்டுப் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மறைவதற்கு அதற்கு மட்டும் அனுமதி இல்லை!

'ஐ' யா, 'மீ' யா?

பிள்ளைகள் தடுமாறும் முதல் இடம் இது. "அவள் என்னைவிட உயரமானவள்" என்பதை எப்படிச் சொல்வது? "ஷி இஸ் டாலர் தேன் ஐ" என்றா, "தேன் மீ" என்றா?

தமிழில் இந்தக் குழப்பம் வராது. 'விட' வந்தால் அதற்கு முன் 'என்னை' என்றுதான் வரும். மலாயிலும் வராது. 'டாரிபாடா சாயா' என்றால் சாயா எங்கே போனாலும் சாயாதான். ஆங்கிலத்தில் மட்டும் 'ஐ' என்பது 'மீ' ஆகும். 'ஹி' என்பது 'ஹிம்' ஆகும். எது சரி என்று ஆங்கிலேயர்களே பல தலைமுறைகளாகச் சண்டை போட்டிருக்கிறார்கள்.

ராபர்ட் லோத் என்ற ஆங்கிலப் பாதிரியார் 1762-ஆம் ஆண்டில் ஓர் இலக்கண நூலை வெளியிட்டார். மறைந்திருக்கும் வினைச்சொல்லை விரித்துப் பார்த்து, அதற்கு ஏற்றபடி 'ஐ' அல்லது 'மீ' போட வேண்டும் என்பது அவர் வழி. "ஷி இஸ் டாலர் தேன் ஐ ஏம்" என்று விரிகிறது. ஆகவே 'ஐ'தான் சரி. மற்றொரு கட்சிக்காரர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. மக்கள் பேச்சில் 'தேன் மீ' என்றுதானே வருகிறது, ஷேக்ஸ்பியரே தம் நாடகத்தில் அப்படி எழுதியிருக்கிறாரே என்று அவர்கள் வாதாடினார்கள்.

இந்தச் சண்டையில் நாம் ஏன் தலையிட வேண்டும்? பேச்சில் 'தேன் மீ' என்று சொன்னால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். பரீட்சைத் தாளிலும் வேலை விண்ணப்பத்திலும் எழுதும்போது மறைந்த சொல்லை வெளியே கொண்டுவந்து, "தேன் ஐ ஏம்" என்று எழுதிவிடுங்கள். "தேன் ஐ டூ", "தேன் ஹி டஸ்" என்பவையும் இப்படித்தான். ஒரே ஒரு சின்னச் சொல்லைக் கூட்டிவிட்டால் இரு கட்சிக்காரர்களும் வாயடைத்துப் போவார்கள்.

சம்பளத்தில் ஒரு குழப்பம்

இதுவரை பார்த்தது மதிப்பெண் சம்பந்தப்பட்டது. இனி வருவது காசு சம்பந்தப்பட்டது, கவனமாகப் படியுங்கள்.

"த காண்ட்ராக்டர் கிவ்ஸ் மணியம் மோர் தேன் யூ." இதற்கு என்ன பொருள்?

குத்தகைக்காரர் உங்களுக்குக் கொடுப்பதைவிட மணியத்துக்கு அதிகமாகக் கொடுக்கிறார் என்பது ஒரு பொருள். நீங்கள் மணியத்துக்குக் கொடுப்பதைவிடக் குத்தகைக்காரர் அவருக்கு அதிகமாகக் கொடுக்கிறார் என்பது இன்னொரு பொருள். முதல் பொருளில் நீங்கள் வாங்குகிறவர். இரண்டாவது பொருளில் நீங்கள் கொடுக்கிறவர்! ஒரே வாக்கியம்தான், உங்கள் இடமே மாறிவிடுகிறது.

ஏன் இப்படி? 'யூ' என்ற சொல் 'ஐ', 'மீ' போல உருவம் மாறாது. அதைப் பார்த்து மறைந்தது எது என்று கண்டுபிடிக்க முடியாது. ஆகவே, எழுதுகிறவர்தான் விரித்து எழுத வேண்டும். "மோர் தேன் ஹி கிவ்ஸ் யூ" என்றால் முதல் பொருள். "மோர் தேன் யூ டூ" என்றால் இரண்டாவது பொருள்.

தமிழில் இந்தக் குழப்பமே இல்லை என்று மார்தட்டிக்கொள்ள வேண்டாம். "அப்பா அம்மாவைவிட என்மேல் பாசமாக இருப்பார்" என்று ஒரு பிள்ளை சொல்கிறது. அப்பாவுக்கு அம்மாமேல் உள்ள பாசத்தைவிடப் பிள்ளைமேல் பாசம் அதிகமா? அல்லது அம்மா காட்டும் பாசத்தைவிட அப்பா காட்டும் பாசம் அதிகமா? நம்முடைய 'விட'வும் இரண்டு பக்கமும் தலையாட்டும் தலையாட்டி பொம்மைதான். இதை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கும் பிள்ளை, தான் என்ன சொல்ல நினைக்கிறோம் என்பதை முதலில் தமிழிலேயே விரித்துக்கொள்ள வேண்டும். தமிழில் தெளிந்த பிறகு ஆங்கிலத்தில் எழுதினால் தவறு வராது.

அண்ணனைவிடப் பெரிய வீடு

"மை ஹவுஸ் இஸ் பிக்கர் தேன் மை பிரதர்." இப்படி ஒரு பிள்ளை எழுதினால் ஆசிரியர் சிரிப்பார். என் வீடு என் அண்ணனைவிடப் பெரியது என்றல்லவா ஆகிறது! எந்த வீடுதான் அண்ணனைவிடச் சிறியதாக இருக்கும்?

வீட்டை வீட்டோடுதான் ஒப்பிட வேண்டும். "மை ஹவுஸ் இஸ் பிக்கர் தேன் மை பிரதர்ஸ்" என்று எழுத வேண்டும். கடைசியில் மேற்குறியோடு வரும் அந்த 'ஸ்' எழுத்தில்தான் 'அண்ணனுடைய வீடு' ஒளிந்திருக்கிறது. 'ஹவுஸ்' என்ற சொல் மறையலாம். உடைமையைக் காட்டும் 'ஸ்' மறையக்கூடாது.

ஊர்களையும் மாநிலங்களையும் ஒப்பிடும்போது இந்தத் தவறு அதிகமாக வரும். 2020-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சிலாங்கூரில் ஏறக்குறைய 70 லட்சம் பேர் இருந்தார்கள். பெர்லிஸில் 3 லட்சத்துக்கும் குறைவு. இதைச் சொல்ல வந்த பிள்ளை, "த பாப்புலேஷன் ஆஃப் சிலாங்கூர் இஸ் பிக்கர் தேன் பெர்லிஸ்" என்று எழுதுகிறது. மக்கள்தொகையை மாநிலத்தோடு ஒப்பிட்டுவிட்டது! "தேன் தேட் ஆஃப் பெர்லிஸ்" என்று எழுதினால் சரி. 'தேட்' என்ற சொல் மக்கள்தொகைக்குப் பதிலாக வந்து உட்கார்ந்துகொள்கிறது.

ஒன்றுக்கு மேற்பட்டதாக இருந்தால் 'தேட்' போய் 'தோஸ்' வரும். ஐந்தாம் நம்பர் காட்டு மரங்கள் இரண்டாம் நம்பர் காட்டு மரங்களைவிட வயதானவை என்று சொல்ல வேண்டுமா? "த ட்ரீஸ் இன் ஃபீல்டு ஃபைவ் ஆர் ஓல்டர் தேன் தோஸ் இன் ஃபீல்டு டூ." மரத்தை மரத்தோடு ஒப்பிட்டாயிற்று.

கினபாலு தன்னைவிட உயரமா?

சபாவில் உள்ள கினபாலு மலையின் உயரம் 4,095 மீட்டர். மலேசியாவிலேயே அதுதான் உயரமான மலை. தீபகற்பத்தின் உயர்ந்த சிகரமான தாஹான் மலை 2,187 மீட்டர். "கினபாலு இஸ் ஹையர் தேன் தாஹான்" என்பதில் எந்தச் சிக்கலும் இல்லை.

"கினபாலு இஸ் ஹையர் தேன் எனி மவுண்டன் இன் மலேசியா" என்று எழுதினால்தான் சிக்கல். மலேசியாவில் உள்ள எந்த மலையையும்விட உயரம் என்றால், அந்த மலைகளுக்குள் கினபாலுவும் அடக்கம். தன்னைவிடத் தானே உயரமாக இருக்க முடியுமா? 'எனி அதர் மவுண்டன்', அதாவது வேறு எந்த மலையையும்விட, என்று எழுத வேண்டும். 'அதர்' என்ற அந்தச் சொல்லை மறைக்கக்கூடாது.

ஆனால் சிங்கப்பூர் மலைகளோடு ஒப்பிட்டால் 'அதர்' வேண்டாம். "கினபாலு இஸ் ஹையர் தேன் எனி ஹில் இன் சிங்கப்பூர்" என்பது சரியான வாக்கியம். புக்கிட் தீமா ஏறக்குறைய 164 மீட்டர். கினபாலு அந்தக் கூட்டத்தில் இல்லை. ஒரே கூட்டத்துக்குள் ஒப்பிட்டால் 'அதர்' போடு, வெளிக்கூட்டத்தோடு ஒப்பிட்டால் விட்டுவிடு. இவ்வளவுதான் சூத்திரம்.

'தேன்' இல்லாத ஒப்பீடு

பாதியை விழுங்குவது ஒரு வகை. 'தேன்' தொடங்கிப் பின்பாதி முழுவதையும் விழுங்குவது இன்னொரு வகை. விளம்பரக்காரர்களுக்கு இந்த இரண்டாவது வகையில் பிரியம் அதிகம்.

சலவைத்தூள் பெட்டியில் "வாஷஸ் ஒய்ட்டர்" என்று போட்டிருக்கும். அதிக வெண்மையாக வெளுக்கிறதாம். எதைவிட? பக்கத்துக் கடைத் தூளைவிடவா, அதே கம்பெனியின் பழைய தூளைவிடவா, வெறும் தண்ணீரைவிடவா? சொல்லவில்லை. பேட்டரியில் "லாஸ்ட்ஸ் லாங்கர்" என்று இருக்கும். எதைவிட நீண்ட நாள் உழைக்கும்? அதுவும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதை நம் மனம் தானாகவே நல்லபடியாக நிரப்பிக்கொள்கிறது. விற்கிறவருக்கு அது போதும்.

சலவைத்தூளில் ஏமாந்தால் சில வெள்ளிதான் போகும். தவணையில் சாமான் வாங்கும்போது "லோயர் மன்த்லி பேமெண்ட்" என்று வந்தால் விழித்துக்கொள்ள வேண்டும். மாதக் கட்டணம் குறைவாம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 3,000 வெள்ளிச் சாமானுக்கு மாதம் 150 வெள்ளியாக 24 மாதம் கட்டினால் மொத்தம் 3,600 வெள்ளி. அதே சாமானுக்கு மாதம் 110 வெள்ளியாக 36 மாதம் கட்டினால் 3,960 வெள்ளி. மாதக் கட்டணம் 40 வெள்ளி குறைந்தது உண்மை. மொத்தத்தில் 360 வெள்ளி கூடியதும் உண்மை. 'குறைவு' என்றதும் எதில் குறைவு, எதைவிடக் குறைவு என்று இரண்டு கேள்வி கேட்டால் போதும். உண்மை தானே வெளியே வந்துவிடும்.

தரையும் கூரையும்

சட்டத்திலும் ஒப்பந்தத்திலும் இந்த 'தேன்' வராத பக்கமே இல்லை எனலாம். அங்கே மூன்று தொடர்களைத் தெரிந்து வைத்துக்கொண்டால் பெரும்பகுதி விளங்கிவிடும்.

"நாட் லெஸ் தேன்" என்றால் குறையக்கூடாது. அதில் சொல்லும் எண் தரை. அதற்குக் கீழே போக முடியாது, மேலே போகலாம்.

"நாட் மோர் தேன்" என்றால் கூடக்கூடாது. அந்த எண் கூரை. அதைத் தொடலாம், தாண்ட முடியாது.

"ஆர் மோர்" என்பது மூன்றாவது. "டூ இயர்ஸ் ஆர் மோர்" என்றால் இரண்டு ஆண்டு, அல்லது இரண்டு ஆண்டைவிட அதிகம். 'தேன் டூ இயர்ஸ்' என்பது பின்னால் மறைந்திருக்கிறது. சரியாக இரண்டு ஆண்டு முடித்தவரும் இதில் சேர்த்தி. "லெஸ் தேன் டூ இயர்ஸ்" என்றால் அவர் அதில் சேர்த்தியில்லை.

தீபகற்ப மலேசியாவிலும் லாபுவானிலும் நடப்பில் உள்ள 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தைப் பாருங்கள். ஆண்டு விடுமுறை பற்றிய பகுதியில் மூன்று படிகள் இருக்கின்றன. ஒரே முதலாளியிடம் 2 ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 8 நாள். 2 ஆண்டு அல்லது அதற்கு மேல், ஆனால் 5 ஆண்டுக்குக் குறைவு என்றால் 12 நாள். 5 ஆண்டு அல்லது அதற்கு மேல் என்றால் 16 நாள். சட்டம் கொடுப்பது தரை; முதலாளி விரும்பினால் கூடுதலாகக் கொடுக்கலாம்.

வேலை நிறுத்த அறிவிப்பும் இதே மூன்று படியில்தான் வருகிறது. ஒப்பந்தத்தில் அறிவிப்புக் காலம் எழுத்தில் குறிப்பிடப்படவில்லை என்றால், 2 ஆண்டுக்குக் குறைந்தவருக்கு 4 வாரம், 2 முதல் 5 ஆண்டுக்குள் இருப்பவருக்கு 6 வாரம், 5 ஆண்டும் அதற்கு மேலும் ஆனவருக்கு 8 வாரம். இந்த வாரக் கணக்குக்கு முன்னால் "நாட் லெஸ் தேன்" என்ற பொருளில் சொற்கள் நிற்கின்றன. சரியாக 5 ஆண்டு முடித்த ஒருவருக்கு 6 வாரமா, 8 வாரமா? மறைந்த சொல்லை விரித்தால் விடை கிடைக்கும். அவர் 'ஐந்துக்குக் குறைவு' இல்லை. 'ஐந்து அல்லது அதற்கு மேல்'. ஆகவே 8 வாரம். இரண்டு வாரச் சம்பளம் ஒரு சின்னச் சொல்லில் தொங்கிக்கொண்டிருக்கிறது, பார்த்தீர்களா!

சம்பள நாளுக்கும் இப்படி ஒரு கூரை உண்டு. சம்பளக் காலத்தின் கடைசி நாளிலிருந்து ஏழாம் நாளுக்குப் பிந்தாமல், "நாட் லேட்டர் தேன்" ஏழாம் நாள், சம்பளம் கொடுக்க வேண்டும். ஏழாம் நாள் கொடுத்தால் சட்டப்படி சரி. எட்டாம் நாள் என்றால் பிந்திவிட்டது. வேலை நேரத்திலோ தரையும் கூரையும் ஒரே வரியில் வருகின்றன. தொடர்ந்தாற்போல் 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது, இடையில் 30 நிமிடத்துக்குக் குறையாத ஓய்வு கொடுக்க வேண்டும். 5 மணி கூரை. 30 நிமிடம் தரை. வாரத்துக்கு 48 மணி என்றிருந்த கூரை, 2023 ஜனவரி 1 முதல் 45 மணியாகத் தாழ்ந்தது.

குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்ந்ததும் இப்படித்தான் இரண்டு கட்டமாக நடந்தது. 5 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்களை வைத்திருந்த முதலாளிகளுக்கு 2025 பிப்ரவரி 1 முதல். 5 பேருக்கும் குறைவாக வைத்திருந்தவர்களுக்கு 2025 ஆகஸ்ட் 1 முதல். சரியாக ஐந்து பேர் வேலை செய்த கடையில் அந்த ஐவரும் எந்தப் பக்கம்? 'ஃபைவ் ஆர் மோர்' பக்கம். அவர்களுக்குப் பிப்ரவரியிலேயே உரிமை வந்துவிட்டது.

மருந்துப் புட்டியிலும் இதே பாடம்தான். 500 மில்லிகிராம் பாரசிட்டமோல் மாத்திரையை ஒரு பெரியவர் 24 மணி நேரத்தில் எட்டுக்கு மேல் சாப்பிடக்கூடாது என்பதை "நாட் மோர் தேன் எய்ட் டேப்லெட்ஸ்" என்று எழுதியிருப்பார்கள். எட்டு என்பது கூரை. 'எட்டுச் சாப்பிட வேண்டும்' என்று படித்துவிடக்கூடாது. பிள்ளைகளுக்கு அளவே வேறு. அதை மருத்துவரிடமோ மருந்தகத்திலோ கேட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

நீங்களே செய்து பாருங்கள்

பிள்ளைகளே, விடையைப் பார்க்காமல் முதலில் முயன்று பாருங்கள்.

1. "மை சிஸ்டர் சிங்ஸ் பெட்டர் தேன் ஐ." கடைசியில் மறைந்திருப்பது எது?

2. "மை பேக் இஸ் ஹெவியர் தேன் மை ஃப்ரெண்ட்." இதில் என்ன தவறு?

3. "த பன்ச்சஸ் இன் திஸ் பிளாக் ஆர் ஹெவியர் தேன் தேட் பிளாக்." செம்பனைக் குலைகளைப் பற்றிய இந்த வாக்கியத்தைத் திருத்துக.

4. "ஐ ட்ரஸ்ட் யூ மோர் தேன் ஹி" என்பதற்கும் "ஐ ட்ரஸ்ட் யூ மோர் தேன் ஹிம்" என்பதற்கும் என்ன வேறுபாடு?

5. ஒரே முதலாளியிடம் சரியாக 2 ஆண்டு முடித்தவருக்குச் சட்டப்படி ஆண்டு விடுமுறை 8 நாளா, 12 நாளா?

விடைகள்: 1. 'சிங்' அல்லது அதற்குப் பதிலாக 'டூ'. 2. பையை நண்பனோடு ஒப்பிட்டிருக்கிறது. 'ஃப்ரெண்ட்ஸ்' என்று உடைமையைக் காட்டும் 'ஸ்' வேண்டும். 3. "தேன் தோஸ் இன் தேட் பிளாக்" என்று வர வேண்டும். குலையைக் குலையோடு ஒப்பிடுங்கள். 4. முதலாவது, அவர் உன்னை நம்புவதைவிட நான் உன்னை அதிகம் நம்புகிறேன். இரண்டாவது, நான் அவரை நம்புவதைவிட உன்னை அதிகம் நம்புகிறேன். 5. 12 நாள்.

பெற்றோர்களுக்கு ஒரு வேலை

தொடக்கத்தில் சொன்னோமே, அந்த வேலைக்கு வருவோம். பிள்ளை விளக்கடியில் உட்கார்ந்து ஆங்கில வாக்கியத்தைப் படிக்கும்போது, "இதற்குத் தமிழில் என்ன?" என்று கேளுங்கள். அது சொல்லி முடித்ததும், "எதைவிட?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். யாரைவிட, யார் செய்வதைவிட, எப்போது இருந்ததைவிட என்று பிள்ளை விரித்துச் சொல்லட்டும். சொல்ல முடியவில்லை என்றால் வாக்கியம் இன்னும் விளங்கவில்லை என்று பொருள். அதைத் தெரிந்துகொள்ள நீங்கள் ஆங்கிலம் படித்திருக்க வேண்டியதில்லை.

வேலை ஒப்பந்தமோ கடன் பத்திரமோ கைக்கு வரும்போது அதே பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து அதே கேள்வியைக் கேளுங்கள். எழுதிக் கொடுத்தவர் விளக்கிச் சொல்லும்வரை பேனாவைத் திறக்க வேண்டாம்.